முதல் துறைமுகம் வருவதற்கு முந்தைய காலை

சிலாங்கூர், பந்திங்கிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, பிறகு செம்பனையிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. தாத்தா சின்ன வயதில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி வந்தவராம். கிள்ளான் துறைமுகத்திலிருந்து மாலையில் கிளம்பி மறுநாள் பினாங்கு, அடுத்த நாள் புக்கெட், பிறகு மறுபடி கிள்ளான் என்று மூன்று இரவுப் பயணத்துக்கு அம்மாவை அழைத்துப் போகிறார். வீட்டில் வேறு யாரும் உல்லாசக் கப்பல் ஏறியதில்லை. "பினாங்கு போய்ச் சேருகிற அந்த முதல் காலையில் கப்பலில் என்னதான் நடக்கும்? அம்மாவை எத்தனை மணிக்கு எழுப்பணும்? அவங்களுக்குச் சிரமமாக இருக்குமா? இறங்குகிற வரைக்கும் சும்மா உட்கார்ந்திருக்கணுமா?" என்பவைதான் கேள்விகள்.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், தம்பி. ஆறு மணிக்கு எழுப்புங்கள். ஆறரைக்குள் அம்மாவை வலப்பக்கத் திறந்த தளத்தில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிடுங்கள். பசியாறல், லிஃப்ட், இறங்கும் வரிசை எல்லாம் அப்புறம். இந்தப் பயணத்தில் மறுபடி கிடைக்காத நேரம் என்றால் அந்த இரண்டு மணி நேரம்தான். நான் பல வருடம் உல்லாசக் கப்பல்களில் டெக்கிலும் இறங்குபடியிலும் வேலை பார்த்தவன். கப்பல் துறைமுகத்துக்குள் நுழைகிற நேரத்தில் பாதிப் பேர் திரைச்சீலையை இழுத்துவிட்டுத் தூங்குவார்கள், மீதிப் பேர் பஃபேயில் முட்டைக்கு வரிசையில் நிற்பார்கள். அதைப் பார்த்துப் பார்த்து மனசு கேட்காமல்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

காலையைப் பற்றிப் பேசுவதற்கு முன் அதற்கு முந்தின மாலையையும் இரவையும் சொல்ல வேண்டும். பூலாவ் இண்டாவில் இருக்கும் முனையத்துக்கு உங்களுக்கு எஸ்.கே.வி.இ. நெடுஞ்சாலை இருப்பதால் போவது சுலபம். ஏறியதும் முதல் வேலை பாதுகாப்புப் பயிற்சி. தோட்டத்தில் விடியற்காலையில் பெரட்டுக்குக் கூடி நின்று பேர் கொடுப்பதைப் போலத்தான், உங்கள் அட்டையில் போட்டிருக்கும் கூடுமிடத்துக்குப் போய்ப் பதிவு செய்ய வேண்டும். அம்மாவுக்கு இதை விளக்க வேண்டிய தேவையே இருக்காது. அபாய ஒலி ஏழு முறை குறுகியதாகவும் ஒரு முறை நீளமாகவும் வரும். அதை அவர் காதால் ஒரு தடவை கேட்டு வைத்துக்கொள்ளட்டும். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கொன்கோர்டியா பாறையில் மோதிச் சாய்ந்தபோது, அன்று ஏறிய பயணிகள் பலருக்கு இந்தப் பயிற்சி இன்னும் நடக்கவில்லை. அதற்குப் பிறகுதான், கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ பயிற்சியை முடித்துவிட வேண்டும் என்று உலக விதியே மாறியது. ஆகவே இதைத் தட்டிக் கழிக்காதீர்கள்.

கிள்ளானிலிருந்து பினாங்குக்குக் கடல் வழியாக முன்னூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும். கப்பல்காரர்கள் இதைக் கடல் மைலில் கணக்குப் போடுவார்கள். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். மணிக்கு ஒரு கடல் மைல் போனால் அது ஒரு நாட். பெரிய உல்லாசக் கப்பல் 20 நாட் வேகத்தில் சாதாரணமாக ஓடும். அப்படி ஓட்டினால் விடிவதற்கு வெகு முன்பே பினாங்கு வந்துவிடும். அதனால் வேண்டுமென்றே மெதுவாகப் போவார்கள். விடியற்காலையில் விழித்து "என்ன, கப்பல் நின்னுடுச்சா?" என்று அம்மா பதறினால், கோளாறு ஒன்றுமில்லை, குறித்த நேரத்துக்குப் போய்ச் சேரத்தான் இந்த நடை என்று சொல்லிவிடுங்கள்.

ஆட்டம் இருக்குமா என்றால், மலாக்கா நீரிணையில் பெரும்பாலும் இருக்காது. ஒரு பக்கம் நம் கரை, இன்னொரு பக்கம் சுமத்ரா. இந்துமாக் கடலின் பெரிய அலைகளைச் சுமத்ரா தடுத்துவிடுகிறது. ஆனால் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், ஏறக்குறைய மே முதல் செப்டம்பர் வரை, சுமத்ரா பக்கமிருந்து இடியும் மின்னலும் பலத்த காற்றுமாக ஒரு மழை வரிசை கிளம்பி நீரிணையைக் கடந்து வரும். அதன் பேரே சுமத்ராஸ். பெரும்பாலும் நடுநிசிக்குப் பிறகோ விடியற்காலையிலோதான் வரும், ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். மோரிப் கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். அப்படி ஒரு காலை அமைந்துவிட்டால் திறந்த தளத்தின் கதவுகளைப் பூட்டிவிடுவார்கள், கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான். அதே மாதங்களில் புகைமூட்டமும் வருவதுண்டு, அப்போது கரை தெளிவாகத் தெரியாது. உங்கள் தேதி இன்னும் முடிவாகவில்லை என்றால் இதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்குத் தலைசுற்றல் வரும் என்ற பயம் இருந்தால் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேபின் கேளுங்கள். ஆட்டம் குறைவாகத் தெரிவது அங்கேதான், விலையும் குறைவு. பால்கனி அறைக்கு அதிகப் பணம் கொடுக்க வேண்டுமா என்று பலர் கேட்பார்கள். ஒரே ஒரு பக்கத்தைக் காட்டும் பால்கனியை விடச் சுற்றிலும் காட்டும் திறந்த தளம் எவ்வளவோ மேல், அதற்குக் காசும் இல்லை. மிச்சமாகும் பணத்தை அம்மாவுக்குப் பினாங்கில் செலவழியுங்கள்.

கேபினுக்குள் நான் கவலைப்படுவது வேறு விஷயத்துக்கு. குளியலறை வாசலில் தண்ணீர் வெளியே வராமலிருக்க ஒரு சிறு மேடு வைத்திருப்பார்கள். இரவில் எழுந்து போகும் வயதானவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் அங்கேதான். குளியலறை விளக்கை எரியவிட்டு, கதவைக் கொஞ்சம் ஒருக்களித்து வையுங்கள். குளிர்சாதனம் கடுமையாக இருக்கும், ஒரு சால்வை வேண்டும். ரத்த அழுத்த மாத்திரை, சர்க்கரை மாத்திரை எதையும் பெரிய பெட்டியில் போடாதீர்கள். பெட்டியைத் துறைமுகத்தில் வாங்கிக்கொண்டு கேபினுக்குக் கொண்டுவந்து சேர்க்கச் சில மணி நேரம் ஆகும். காலையில் டெக்கைக் கழுவியிருப்பார்கள், ஈரமாக இருக்கும். ஜப்பான் சிலிப்பர் வேண்டாம், பிடிமானம் உள்ள காலணி போட்டு அழைத்துப் போங்கள். டெக்குக்குப் போகும் கதவு கனமானது, காற்றில் வேகமாக அடித்துச் சாத்தும். அம்மாவைக் கதவைப் பிடிக்க விடாதீர்கள், நீங்களே பிடித்துக்கொண்டு அவரை முதலில் போகச் சொல்லுங்கள்.

சரி, இப்போது அந்தக் காலை.

கப்பலின் மேல்மாடியில் இருக்கும் ஓட்டுமிடத்தில் விடியற்காலை நான்கு மணியிலிருந்து எட்டு மணி வரை ஒரு முறைக்காவல். சூரியன் உதிப்பதைத் தினமும் பார்க்கும் பாக்கியம் அந்த முறைக்காரர்களுக்குத்தான். அங்கே விளக்கே இருக்காது. வெளி இருட்டுக்குக் கண் பழகியிருக்க வேண்டும் என்பதால் திரைகளின் மங்கிய வெளிச்சத்தில்தான் வேலை நடக்கும். பேராக் கரையோரம் மீன்பிடிப் படகுகள் நிறைய இருக்கும். எல்லாப் படகும் ராடாரில் தெளிவாகத் தெரியாது, மனிதக் கண்தான் பார்க்க வேண்டும். கீழே சமையற்கட்டில் ரொட்டி சுடுகிறவர்கள் இரவெல்லாம் தூங்கியிருக்க மாட்டார்கள். அம்மாவுக்குக் கோப்பி ஊற்றித் தருகிற பையன் ஐந்து மணிக்கே எழுந்தவனாக இருப்பான். கப்பல் தொழிலாளிக்கு எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேரம் ஓய்வு தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை சொல்கிறது. ஓய்வு என்பதற்கு மேல் அதில் ஒன்றும் மிஞ்சாது. அந்தப் பையன் தமிழனாகவும் இருக்கலாம். நம் பக்கத்துப் பிள்ளைகளும், தூத்துக்குடி, சென்னைப் பிள்ளைகளும் நிறையப் பேர் கப்பலில் வேலை செய்கிறார்கள். அம்மா "சாப்பிட்டியாப்பா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் அந்த நாள் முழுக்க அவனுக்கு அது போதும்.

கப்பல் கிள்ளானிலிருந்து வடக்கு நோக்கிப் போவதால் கரை எப்போதும் வலப்பக்கம்தான். இடப்பக்கம் திறந்த நீரிணை. சூரியனும் வலப்பக்கமே உதிக்கும். தீபகற்பத்தில் ஏழு மணியை ஒட்டியோ அதற்குச் சற்றுப் பிறகோதான் சூரியன் தெரியும், வெளிச்சம் அதற்கு இருபது நிமிடம் முன்பே வந்துவிடும். 1982-இல் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்ததால்தான் இவ்வளவு தாமதமாக விடிகிறது. அம்மாவுக்கு அந்த மாற்றம் நன்றாக நினைவிருக்கும், கேட்டுப் பாருங்கள்.

பெரிய கப்பல்கள் பினாங்கின் தலைநகரான ஜோர்ஜ்டவுனுக்குள் வடக்கு வாய்க்கால் வழியாகத்தான் நுழையும். தெற்கே ஆழம் குறைவு, நடுவில் பாலம் வேறு இருக்கிறது. ஆகவே கப்பல் பினாங்குத் தீவின் மேற்குப் பக்கமாகவே ஏறிப் போய், வடமேற்கு மூலையைச் சுற்றிக்கொண்டு கிழக்கே திரும்பும். அந்த மூலையில் முக்கா ஹெட் என்கிற குன்றும், அதன் மேல் 1883-இல் கட்டிய கலங்கரை விளக்கமும் இருக்கின்றன. அங்கே திரும்பியதும் வலப்பக்கம் தெலுக் பஹாங், பத்து ஃபெரிங்கி, தஞ்சோங் பூங்கா, கர்னி டிரைவ் என்று ஒவ்வொன்றாக வரும். முதலில் வெறும் காட்டு மலை, அப்புறம் தங்கும் விடுதிகள், அப்புறம் அடுக்குமாடிகள், கடைசியில் கொம்தார் கோபுரம். தீவு கடைசி வரை வலப்பக்கத்திலேயே இருக்கும். வலப்பக்கத்தில் உட்காருங்கள் என்று நான் சொன்னது அதனால்தான்.

இடப்பக்கத்தையும் ஒரு தரம் எழுந்து போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். வானம் தெளிவாக இருந்தால் வடகிழக்கில் கெடாவின் ஜெராய் மலை தனியாக நிற்பது தெரியும். 1,217 மீட்டர் உயரம். சுற்றிலும் சமவெளி என்பதால் கடலில் வெகு தூரத்திலிருந்தே தெரியும். வங்காள விரிகுடாவைக் கடந்து வந்த பழங்காலக் கப்பல்களுக்கு அதுதான் அடையாளம். அதன் அடிவாரத்தில்தான் பூஜாங் பள்ளத்தாக்கு, நாம் கடாரம் என்று சொல்கிற இடம். ராஜேந்திர சோழனின் கப்பற்படை 1025-இல் வந்தது இந்தக் கடற்கரைக்குத்தான், அதைத் தஞ்சாவூர்க் கோயிலின் கல்வெட்டு சொல்கிறது. பள்ளிப் புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்ததைக் கப்பலில் நின்றுகொண்டு கண்ணால் பார்ப்பது வேறு அனுபவம்.

ஆனால் அம்மாவுக்குச் சோழர் கதையை விட முக்கியமான ஒன்று இருக்கிறது. தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார் என்று சொன்னீர்கள். நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்த கப்பல்கள் மலாயாவில் முதலில் தொட்டது பினாங்கைத்தான். அங்கே ஒரு பகுதி ஆட்களை இறக்கிவிட்டு, மீதிப் பேரோடு போர்ட் சுவெட்டன்ஹமுக்கும், பிறகு சிங்கப்பூருக்கும் போகும். 1901-இல் திறந்த அந்தப் போர்ட் சுவெட்டன்ஹமுக்குத்தான் 1972-இல் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாற்றினார்கள். சிலாங்கூர்த் தோட்டங்களுக்கு வந்தவர்களும் பினாங்கைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருப்பார்கள். மேற்கிலிருந்து வரும் கப்பலுக்கும் உங்கள் கப்பலுக்கும் கடைசி ஒன்றரை மணி நேரப் பாதை ஏறக்குறைய ஒன்றே: முக்கா ஹெட், வடக்குக் கரை, வாய்க்கால், துறை. தாத்தா மலாயா மண்ணை முதன்முதலாகப் பார்த்தது அந்தக் குன்றைத்தான் என்று அம்மாவிடம் தைரியமாகச் சொல்லலாம்.

தாத்தா எந்த வருடம் வந்தார் என்று தெரியவில்லை என்றாலும் ஒரு கணக்கு உண்டு. உதவிப் பயணமாக, அதாவது பயணச் செலவைப் பிறர் ஏற்றுக்கொள்ள, தோட்டக் கூலிகளை மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசு 1938-இல் நிறுத்திவிட்டது. கங்காணி மூலமாக ஆள்கட்டி வந்தவராக இருந்தால் அதற்கு முன்பே வந்திருப்பார். கப்பல் எது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் அந்தக் காலத்தில் நிறையப் பேர் வந்த கப்பல்களில் ஒன்று 1926-இல் கட்டிய ரஜூலா. தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. இன்றைக்கு ஐயாயிரம் பேர் ஏறும் கப்பல்கள் அதைப் போலப் பல மடங்கு பெரியவை. அவர்களுக்குக் கேபின் கிடையாது. பாயை விரித்த இடம்தான் இடம். இப்போது பயணிகள் நாற்காலி போட்டு வெயில் காய்கிற திறந்த தளத்தில்தான் அவர்கள் தூங்கி, சமைத்ததை வாங்கிச் சாப்பிட்டு, வாந்தி எடுத்து, ஒரு வாரத்தை ஓட்டினார்கள். அம்மாவின் வயதுக்காரர்களில் சிலர் சிதம்பரம் கப்பலில் ஊருக்குப் போய்வந்திருப்பார்கள். 1970-களின் தொடக்கத்தில் ஓடத் தொடங்கிய அந்தக் கப்பல் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்ததோடு தமிழ்நாட்டுக்கும் மலேசியாவுக்கும் இடையிலான பயணிகள் கப்பல் போக்குவரத்தே முடிந்துபோனது. இதையெல்லாம் துறைமுகத்துக்குள் நுழையும்போது அம்மாவிடம் பேசுங்கள், அவர் சொல்வதையும் கைப்பேசியில் பதிவு செய்து வையுங்கள். குரல் மட்டும் போதும்.

முக்கா ஹெட்டைச் சுற்றிய பிறகோ அதை ஒட்டியோ கப்பலின் வேகம் நன்றாகக் குறையும். ஒரு சின்னப் படகு வேகமாக வந்து கப்பலோடு ஒட்டி ஓடும். அதிலிருந்து ஒருவர் கயிற்று ஏணியைப் பிடித்து, கப்பலின் வயிற்றில் திறந்திருக்கும் கதவுக்குள் ஏறுவார். இரண்டும் ஓடிக்கொண்டிருக்கும்போதே இது நடக்கும். அவர்தான் பைலட். அந்தத் துறையின் ஆழம், நீரோட்டம், மணல் திட்டு எல்லாம் கைவிரல் நுனியில் வைத்திருப்பவர். ஓட்டும் வழியை அவர் சொல்வார், பொறுப்பு என்னவோ கேப்டனுடையதுதான். உலகத்திலேயே ஆபத்தான வேலைகளில் இது ஒன்று, ஏணியிலிருந்து தவறி விழுந்து இறந்த பைலட்டுகள் உண்டு. நான் அந்தக் கதவருகே நின்ற நாள்களில், அவர் கை கம்பியைப் பிடிக்கும் வரைக்கும் மூச்சு விட்டதில்லை. பயணிகள் நூற்றுக்கணக்கில் மேலே இருந்தும் குனிந்து பார்ப்பவர் சிலர்தான். நீங்கள் பாருங்கள்.

பைலட் ஏறியதும் கொடிமரத்தில் பாதி வெள்ளை பாதி சிவப்பாக ஒரு கொடி ஏறும். "பைலட் கப்பலில் இருக்கிறார்" என்று அதற்குப் பொருள். வெளிநாட்டுப் பதிவுள்ள கப்பல் என்றால், அதுதான் பெரும்பாலும், மரியாதைக்காக நம் ஜாலூர் கெமிலாங் கொடியும் பறக்கும். பின்பக்கம் பறக்கும் கொடி பஹாமாஸ், பனாமா என்று ஏதாவது இருக்கும், அது பதிவு செய்த நாடு. முழு மஞ்சள் கொடி ஒன்று பறந்தால், "கப்பலில் நோய் இல்லை, உள்ளே வர அனுமதி தாருங்கள்" என்று கேட்கிறார்கள். இன்றைக்கு அது ஒரு சடங்கு மாதிரி. நம் முன்னோர் வந்த காலத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் பாதகமாக இருந்தால் ஜெரெஜாக் தீவில் இறக்கிவிட்டுத் தனிமைப்படுத்திவிடுவார்கள். அம்மை, காலரா என்று சந்தேகம் வந்தாலே போதும். அந்தத் தீவு ஜோர்ஜ்டவுனுக்குத் தெற்கே, 1985-இல் திறந்த முதல் பாலத்துக்கும் அப்பால் இருக்கிறது. துறையில் நிற்கும் கப்பலின் மேல்தளத்திலிருந்து தெற்கே பார்த்தால் பாலம் தெரியும். தீவு அதற்குப் பின்னால் அந்தப் பக்கம்தான் என்று காட்டலாம்.

துறையை நெருங்கியதும் கப்பல் முழுவதும் ஒரு அதிர்வு வரும், முன்பகுதிக் கேபின்களில் அதிகமாகவே. கப்பலின் மூக்கில் நீருக்கடியில் குறுக்கே ஒரு குழாய் இருக்கிறது, அதற்குள் இருக்கும் விசிறிகள் கப்பலைப் பக்கவாட்டில் தள்ளுகின்றன. இவ்வளவு பெரிய கப்பல் இழுவைப் படகு இல்லாமலே கரையோடு வந்து ஒட்டுவது அதனால்தான். மெல்லிய கயிறு ஒன்றைக் கரைக்கு வீசுவார்கள், அதன் நுனியில் கனமான முடிச்சு. கரையில் இருப்பவர்கள் அதைப் பிடித்து இழுத்தால் பின்னாலேயே தடித்த வடம் வரும். வடத்தில் வட்டமான தகடு ஒன்றை மாட்டுவதையும் கவனியுங்கள். எலி வடத்தின் வழியாக ஏறாமலும் இறங்காமலும் இருக்க வைத்த தடுப்பு அது, கப்பல் வழியாகப் பிளேக் பரவிய காலத்துப் பாடம். முதல் வடம் விழுந்ததிலிருந்து கடைசி வடம் இறுகும் வரை அரை மணி நேரம் ஓடிவிடும். இதைவிட நல்ல வேடிக்கை கப்பலில் வேறு இல்லை.

கப்பல் நின்றுவிட்டது, உடனே இறங்கலாம் என்று நினைக்காதீர்கள். துறைமுக அதிகாரிகள் ஏறி ஆவணங்களைப் பார்த்து அனுமதி தரும் வரை இறங்குபடியைத் திறக்க மாட்டார்கள். அதற்கு அரை மணி நேரமும் ஆகலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம். அந்த நேரத்தில் லிஃப்ட் முன்னாலும் இறங்குபடி முன்னாலும் ஒரு பெருங்கூட்டம் நிற்கும். அம்மாவை அங்கே நிறுத்தவே வேண்டாம். அந்த நேரத்தைப் பசியாறலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மேல்மாடி பஃபே ஏழரையிலிருந்து கசகசவென்று இருக்கும், கப்பல் கரையில் நின்றதும் காலியாகிவிடும். மேசைக்குக் கொண்டுவந்து தரும் சாப்பாட்டு அறை இன்னும் அமைதி. மாட்டிறைச்சி சேர்ப்பதில்லை என்றாலோ, வெள்ளிக்கிழமை சைவம் என்றாலோ முதல் நாள் மாலையே சொல்லிவைத்தால் நன்றாகக் கவனிப்பார்கள். சாப்பாட்டுக்கு முன் சோப்பு போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். வாசலில் கையில் தெளிக்கிறார்களே, அது மட்டும் போதாது. கப்பலில் பரவும் வயிற்றுப்போக்குக் கிருமியான நோரோவைரஸுக்கு அந்தத் தெளிப்பு அவ்வளவாக வேலை செய்வதில்லை, சோப்பும் தண்ணீரும்தான் சரி.

கைப்பேசியை ஏறியதுமே விமான நிலையில் வைத்துவிடுங்கள். நடுக்கடலில் கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பை அது தானாகவே பிடித்துக்கொண்டால் கட்டணம் கடுமையாக வரும். பினாங்கில் இறங்கிய பிறகு போட்டுக்கொள்ளலாம். புக்கெட் அன்று மணியையும் பாருங்கள். தாய்லாந்து நம்மை விட ஒரு மணி நேரம் பின்னால். கைப்பேசி தானாகத் தாய்லாந்து மணிக்கு மாறிவிடும், ஆனால் கப்பல் எந்த மணியில் ஓடுகிறதோ அந்த மணிக்குத்தான் திரும்பி வர வேண்டும். அது எது என்று முதல் நாள் இரவு கேபினுக்கு வரும் நிகழ்ச்சித் தாளில் இருக்கும்.

ஆவணம் பற்றி இப்போதே ஒன்று கேட்டுவிடுகிறேன். அம்மாவுடையது நீல அடையாள அட்டைதானே? நம் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தும் சிவப்பு அட்டையோடு இருக்கும் முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சிவப்பு அட்டை நிரந்தரவாசிக்கு உரியது, அதை வைத்து மலேசியக் கடப்பிதழ் எடுக்க முடியாது. அப்படி இருந்தால் குடிநுழைவு அலுவலகத்தில் கேட்காமல் டிக்கெட் போடவே வேண்டாம். துறைமுகத்தில் கடைசி நேரத்தில் அம்மாவைத் திருப்பி அனுப்பி, குடும்பமே கண்ணீரோடு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். நீல அட்டை என்றால் கடப்பிதழ் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இறங்குவது பற்றிக் கடைசியாக. பினாங்கில் கப்பல் அங்கேயுள்ள சுவெட்டன்ஹம் துறையில் (கிள்ளானின் பழைய பெயரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்) நேராகக் கரையில் ஒட்டி நிற்கும், சாய்வுப் பாலம் வழியாக நடந்தோ சக்கர நாற்காலியிலோ இறங்கலாம். சக்கர நாற்காலி வேண்டும் என்றால் டிக்கெட் போடும்போதே சொல்லிவிடுங்கள், அன்று காலை கேட்டால் கிடைப்பது சந்தேகம். வெளியே வந்ததும் ஒரு மணிக்கூண்டு தெரியும். விக்டோரியா மகாராணியின் அறுபதாம் ஆண்டு விழாவை நினைவுகூர்ந்து வருடத்துக்கு ஓர் அடியாக அறுபது அடி உயரத்தில் கட்டியது. அங்கிருந்து லிட்டில் இந்தியாவும், 1833-இல் எழுந்த குயின் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயிலும் பக்கம்தான், நடந்தே போகலாம். வெயிலில் அம்மாவால் முடியாது என்றால் வண்டி வைத்துக்கொள்ளுங்கள். சுற்றுலாப் பேருந்துக்குக் கப்பலில் பணம் கட்டத் தேவையில்லை. தண்ணீர்மலைக்கும் போகலாம், ஆனால் மேல்கோயிலுக்கு ஐந்நூறு படிகளுக்கு மேல் ஏற வேண்டும் என்பதால் முழங்கால் ஒத்துழைக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

புக்கெட் வேறு மாதிரி. பெரிய கப்பல்கள் பாத்தோங் விரிகுடாவில் நங்கூரம் போட்டு நின்று, சிறு படகுகளில் ஆட்களைக் கரைக்கு அனுப்புவது வழக்கம். அலையில் படகு ஏறி இறங்கும், ஓர் அடி எடுத்து வைத்துத் தாவ வேண்டிய சமயங்கள் வரும். சக்கர நாற்காலியில் இருப்பவர்களை அலை அதிகமாக இருந்தால் ஏற்றவே மாட்டார்கள். அன்று காலை கடலையும் அம்மாவின் முழங்காலையும் பார்த்து முடிவெடுங்கள். கொஞ்சம் தயக்கமாக இருந்தாலும் அம்மா கப்பலிலேயே இருக்கட்டும், எல்லோரும் இறங்கிப் போன கப்பலில் நல்ல நாற்காலியும் சூடான தேநீரும் சுலபமாகக் கிடைக்கும். பினாங்கில் மட்டும் எப்படியாவது இறக்கிவிடுங்கள், தம்பி.